ஒரே வயது, ஒரே திறன்: எண்ணூர் ஏன் மூடப்பட்டது?

குமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்று மலையில் ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. ஒற்றைப் பொறி, திறன் 60 மெகாவாட். 1970ஐ ஒட்டிய காலத்தில் ஓடத் தொடங்கியது. அதே 1970இல், மார்ச் மாதக் கடைசியில், சென்னைக்கு வடக்கே எண்ணூரில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அதன் திறனும் 60 மெகாவாட்தான். இரண்டுக்கும் ஒரே முதலாளி, அன்றைய தமிழ்நாடு மின்சார வாரியம்.

2017 மார்ச் 31ஆம் தேதி எண்ணூர் அனல் மின் நிலையத்தை முழுதாக மூடிவிட்டார்கள். கோதையாறு இடையிடையே பழுதாகி நின்றிருந்தாலும் மின் நிலையங்களின் பட்டியலில் இன்றும் இருக்கிறது. அதைவிட மூத்தது மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பாபநாசம். 1944இல் தொடங்கிய அந்த நிலையத்தை மூடவேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. நீர்மின் நிலையத்திலும் அனல் நிலையத்திலும் சுழலி சுழல்கிறது, அதோடு சேர்ந்து மின்னாக்கி சுழல்கிறது, கம்பியில் கரண்டு போகிறது. பிறகு எண்ணூருக்கு மட்டும் ஏன் நாற்பத்தேழு வயதில் ஆயுள் முடிந்தது?

கேட்டால் உடனே வரும் பதில் "நிலக்கரி புகை, மாசு" என்பது. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மை. மாசுக்காக மட்டும் மூடுவதென்றால் நாட்டில் வேறு பல நிலையங்களை அதற்கு முன்பே மூடியிருக்க வேண்டும். "பழசாகிவிட்டது" என்பது அடுத்த பதில். பாபநாசம் இதைவிடப் பழசு. உண்மையான காரணம் சூடு. எண்ணூரைப் போதுமான அளவு சூடாக்க முடியவில்லை. சூடாக்கிய அளவோ அதன் இரும்பை உள்ளிருந்து அரித்தது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் ஒரு அனல் நிலையத்தின் பிறப்பும் சாவும் விளங்கிவிடும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் ஐந்து அலகுகள். 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று, ஆக மொத்தம் 450. முதலாவது 1970இல், கடைசியானது 1975 டிசம்பரில் ஓடத் தொடங்கின. நிலக்கரி தமிழ்நாட்டு மண்ணில் கிடையாது. நம்மிடம் இருப்பது நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, அதுவும் சுரங்க வாசலிலேயே எரிக்கப்பட்டுவிடும். ஆகவே எண்ணூருக்கான கரி கிழக்கு இந்தியாவிலிருந்து வரவேண்டும். ரயிலில் வந்தால் செலவு அதிகம், கப்பலில் வந்தால் துறைமுகம் அருகில் வேண்டும். சென்னைத் துறைமுகம் பக்கத்தில், மின்சாரம் தேவைப்படும் நகரமும் பக்கத்தில் என்பதால் எண்ணூர் பொருத்தமான இடம். கரியைக் கப்பலில் கொண்டுவருவதற்கென்றே 1974இல் தமிழக அரசு பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. பூம்புகார் என்றதும் கண்ணகி நினைவுக்கு வரும் நமக்கு, அந்தப் பெயரில் கரிக் கப்பல் ஓடுவது கொஞ்சம் விநோதம்தான்.

இனி அந்தப் பொறிக்குள் போவோம். கரியை முகப்பவுடர் போல அரைத்துக் கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். அது எரிந்து சுவரெல்லாம் ஓடும் எஃகுக் குழாய்களைச் சூடாக்குகிறது. குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் உயர் அழுத்த நீராவியாகிறது. அந்த நீராவி சுழலியின் இதழ்களைத் தள்ளிச் சுற்றுகிறது, நிமிடத்துக்கு 3,000 சுற்று. வேலை முடித்துத் தளர்ந்த நீராவியைக் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களின்மேல் படவிட்டு மறுபடியும் தண்ணீராக்கி, பம்ப் வைத்துக் கொதிகலனுக்கே அனுப்புகிறார்கள். ஆக, அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. செலவாவது கரி மட்டுமே.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். சுழலியிலிருந்து வெளிவரும் நீராவியில் இன்னும் ஏராளமான வெப்பம் இருக்கிறது. அதை ஏன் குளிர்வித்து வீணாக்க வேண்டும்? அந்த வெப்பத்தையும் மின்சாரமாக மாற்றினால் என்ன? கரியில் இருக்கும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் இப்படிக் கடல் நீரிலோ காற்றிலோ கலந்து போகிறது. பொறியாளர்கள் இவ்வளவு காலமாக இதைப் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?

பதில் சொன்னவர் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர். 1824இல், தம் இருபத்தெட்டாவது வயதில், நீராவிப் பொறிகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் வெப்பத்தை அருவிக்கு ஒப்பிட்டார். நமக்கு அருவி வெளியூர்ச் சரக்கல்ல. கோதையாற்றின் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மேல் அணையில் தேங்கி நிற்கும் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அது சும்மா கிடந்தால் வேலை நடக்காது. கீழே விழவேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து எவ்வளவு தாழ்வுக்கு விழுகிறதோ அதைப் பொறுத்துத்தான் மின்சாரம். வெப்பமும் அப்படித்தான்: சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை செய்கிறது. உயரம் என்பதற்குப் பதிலாக இங்கே வெப்பநிலை. குளிர்ந்த இடமே இல்லாவிட்டால் எவ்வளவு கரியை எரித்தாலும் சக்கரம் சுற்றாது.

அருவி உவமை ஓரிடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விழுந்த தண்ணீர் முழுக்க அப்படியே கீழே இருக்கும். வெப்பம் அப்படி இல்லை, இறங்கும் வழியில் ஒரு பகுதி வேலையாக மாறிக் காணாமல் போகிறது. கார்னோவுக்கு இது தெளிவாகத் தெரியவில்லை. ஜூலும் கிளாசியஸும் பின்னால் வந்து திருத்தினார்கள். ஆனால் அவர் கண்ட வரம்பு அப்படியே நின்றது. அந்த வரம்பில் இன்னொரு சங்கதியும் உண்டு. மலைத் தண்ணீருக்குக் கடல் மட்டம் வசதியான அடித்தளம். வெப்பத்துக்கு உண்மையான அடித்தளம் பூச்சியத்துக்கும் கீழே 273 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அங்கே யாரும் இறங்க முடியாது. நாம் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த படி, நம்மைச் சுற்றியிருக்கும் நீரின் வெப்பநிலை. சென்னைக் கடல் வெதுவெதுப்பானது. ஆகவே சுழலியைவிட்டு வெளிவரும் நீராவியை நாற்பது, நாற்பத்தைந்து டிகிரிக்குக் கீழே கொண்டுபோவது நடைமுறையில் கஷ்டம். குளிர் நாட்டில் கட்டிய அதே பொறி நம் ஊரில் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கும். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கீழ்ப்படியை மாற்ற முடியாது என்றால் மேல்படியை உயர்த்த வேண்டும். அனல் மின் நிலையங்களின் நூற்றாண்டுக் கதையை ஒரே வரியில் சொல்வதென்றால், நீராவியை இன்னும் சூடாக்கும் முயற்சி. எண்ணூர் காலத்துப் பொறிகளில் நீராவியின் உச்ச வெப்பநிலை 540 டிகிரியை ஒட்டியது. கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. கரி கொடுக்கும் வெப்பம் முழுவதும் அந்த உச்சியில் போய்ச் சேர்வதில்லை. பெரும்பகுதி தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே செலவாகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 300 டிகிரியில். ஆக, அருவியின் சராசரி உயரம் 540 அல்ல, 300ஐ ஒட்டிய ஓர் எண்.

இதைச் சமாளிக்கப் பொறியாளர்கள் இரண்டு வழி கண்டார்கள். முதலாவது மீள்சூடாக்கம்: சுழலியில் பாதி வேலை செய்து ஆறிய நீராவியை வெளியே எடுத்து, கொதிகலனுக்கே திருப்பி அனுப்பி மறுபடி சூடாக்கி, மீண்டும் சுழலிக்குள் விடுவது. 60 மெகாவாட் அளவுப் பொறிகளில் அன்று இந்த வசதி வைக்கும் வழக்கமில்லை. இரண்டாவது, அழுத்தத்தை ஏற்றுவது. அழுத்தம் கூடக்கூடக் கொதிநிலையும் கூடும். காற்றழுத்தத்தைப்போல் சுமார் 220 மடங்கைத் தாண்டினால் ஒரு விந்தை நடக்கிறது: தண்ணீர் கொதிப்பதே இல்லை. குமிழி வராமல், நீர் எது ஆவி எது என்ற வேறுபாடே இல்லாமல் ஒன்று மற்றொன்றாகிவிடுகிறது. அரசு அறிவிப்புகளில் மிக உய்ய அனல் மின் நிலையம் என்று வருகிறதே, அது இதுதான். உய்யநிலை என்ற அந்த எல்லைக்கு மேலே ஓடும் நிலையம். எண்ணூரைக் கட்டிய நாளில் இந்தியாவில் அதெல்லாம் கனவு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்தை அப்படியே வெப்பமாக மாற்றினால் 860 கிலோ கலோரி வரும். ஓர் அனல் நிலையம் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க எத்தனை கிலோ கலோரி மதிப்புள்ள கரியை எரிக்கிறது என்பதுதான் அதன் தரத்தை அளக்கும் கோல். இதை வெப்ப வீதம் என்கிறார்கள். 2005இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளில் தூத்துக்குடி, மேட்டூர், வட சென்னை நிலையங்களுக்கு அனுமதித்த அளவு ஏறக்குறைய 2,400 முதல் 2,500 வரை. எண்ணூருக்கு மட்டும் 3,200. அதாவது மற்ற நிலையங்கள் கரியின் வெப்பத்தில் நூற்றில் முப்பத்தைந்து பங்கை மின்சாரமாக மாற்றியபோது எண்ணூர் இருபத்தேழு பங்கை மாற்றியது. மூடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அரசாங்கக் காகிதத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று நான் சொல்வேன்.

அந்த 3,200 எப்படிக் கிடைக்கிறது? அளப்பதுதான் வழி, ஆனால் அளப்பது அவ்வளவு சுலபமல்ல. வந்திறங்கும் கரியிலிருந்து மாதிரி எடுத்து, பொடித்து, சுமார் ஒரு கிராமைத் தடித்த எஃகுக் கிண்ணத்தில் வைத்து, உயிர்வளியை அழுத்தி நிரப்பி மூடுகிறார்கள். கிண்ணத்தைத் தண்ணீருக்குள் இறக்கி மின்பொறியால் பற்றவைத்தால் தண்ணீரின் வெப்பநிலை உயரும். எத்தனை டிகிரி உயர்ந்தது என்பதிலிருந்து அந்தக் கரியின் வெப்ப மதிப்பு தெரியும். அதை எரித்த கரியின் எடையால் பெருக்கி, மீட்டர் காட்டும் யூனிட்டால் வகுக்க வேண்டும். சிக்கல் எடையில் இருக்கிறது. மலைபோல் குவிந்த கரியின் ஒரு பகுதி மழையில் கரைகிறது, ஒரு பகுதி காற்றில் பறக்கிறது, ஒரு பகுதி தானாகவே புகைந்து சாம்பலாகிறது. வழியில் களவு போவதும் உண்டு. இவையெல்லாம் கடைசியில் எரித்த கணக்கில் வந்து விழ வாய்ப்புண்டு. எனவே வெப்ப வீதம் என்ற எண்ணில் பொறியின் குறை மட்டுமில்லாமல் நிர்வாகத்தின் குறையும் சேர்ந்திருக்கும்.

கரியாகப் பார்த்தால் இதன் பொருள் என்ன? நம் நாட்டுக் கரியில் கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையம் ஒரு யூனிட்டுக்கு 690 கிராம் கரியை எரிக்கும். எண்ணூர் 910 கிராம். வீட்டில் ஒரு மின்விசிறியைப் பதின்மூன்று மணி நேரம் ஓட்ட ஒரு யூனிட் போதும், அதற்கு இரண்டு கைப்பிடி கரி கூடுதல், அவ்வளவுதானே என்று தோன்றலாம். 450 மெகாவாட்டும் ஒரு நாள் முழுக்க ஓடினால் அந்தக் கைப்பிடிகள் சேர்ந்து சுமார் 2,400 டன் ஆகும். ஒரு ரயில் சரக்கில் பாதிக்கும் மேல். இந்தியக் கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்கு சாம்பல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எரியவே எரியாத மண்ணை ஒடிசாவிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி வந்து, எண்ணூரில் இறக்கி, சூடாக்கி, கொட்டியிருக்கிறோம்.

இது ஒரு பக்கம். சூடு இரும்புக்குச் செய்வது மறுபக்கம்.

கோதையாற்றுச் சுழலியின் எஃகு குளிர்ந்த மலைத் தண்ணீரில் வாழ்கிறது. மண்ணும் மணலும் உராய்ந்து தேயும், அவ்வளவுதான். தேய்ந்ததை மாற்றிவிடலாம். கொதிகலன் குழாயின் எஃகு 500 டிகிரிக்கு மேலே, உள்ளிருந்து கடும் அழுத்தம் தள்ள, வருடக்கணக்கில் நிற்கிறது. நாம் எஃகை ஒரு திடப்பொருளாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம். பாரம் தாங்கும் அல்லது ஒடியும், இடையில் ஒன்றுமில்லை என்பது நம் எண்ணம். அது அறை வெப்பநிலையில் சரி. உலோகம் உருகும் வெப்பநிலையில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தை எட்டியதும் (அந்தப் பூச்சியத்துக்குக் கீழே 273இலிருந்து எண்ணிக்கொண்டால்) கதை மாறுகிறது. ஒடிக்கப் போதாத பாரம் என்றாலும், எஃகு மெல்ல மெல்ல நீளத் தொடங்குகிறது. இதை ஊர்வு என்கிறோம். 1910இல் லண்டனில் ஆண்ட்ரேட் என்ற இயற்பியலாளர் கம்பிகளில் பாரத்தைத் தொங்கவிட்டு இந்த நீட்சி எப்படி நடக்கிறது என்று அளந்து எழுதினார்.

ஊர்வு உள்ளுக்குள் எப்படி நடக்கிறது? எஃகு ஒரே வார்ப்பு அல்ல, கண்ணுக்குத் தெரியாத படிக மணிகளின் கூட்டம். சூட்டில் அணுக்கள் இடம்விட்டு இடம் நகர்கின்றன. மணிகள் சந்திக்கும் எல்லைகளில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றுகின்றன. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பிறகு வரிசையாக. வரிசைகள் இணைந்து வெடிப்பாகின்றன. ஒரு நாள் குழாய் பிளந்து நீராவி சீறுகிறது. நிலையத்துக்காரர்கள் இதை 'டியூப் பஞ்சர்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அலகை நிறுத்தி, கொதிகலன் ஆறக் காத்திருந்து, ஆள் உள்ளே இறங்கி வெட்டி ஒட்டி, மறுபடி ஏற்றுவதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். நம் கரியின் சாம்பலில் மணல் சத்து அதிகம் என்பதால், வெளிப்பக்கமாகவும் குழாய்கள் அராவப்பட்டு மெலிகின்றன.

ஊர்வுக்கு ஈடுகொடுக்க எஃகில் குரோமியமும் மாலிப்டினமும் கலக்கிறார்கள். அந்தக் காலத்தில் இத்தகைய பாகங்களை ஒரு லட்சம் மணி நேர ஆயுளுக்கு வடிவமைப்பார்கள். நாற்பத்தேழு ஆண்டு என்பது நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மணி நேரம். பாதி நேரம்தான் ஓடியது என்றாலும் இரண்டு லட்சம். குறித்த ஆயுளைப்போல் இரு மடங்கு.

'ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும்' என்று பன்னிரண்டு வருஷம் காத்திருக்காமல் எப்படிச் சொன்னார்கள் என்பது நியாயமான கேள்வி. வெப்பநிலையைக் கூட்டி வைத்துச் சோதிப்பார்கள். சூடு ஏற ஏற ஊர்வு வேகமாகும், அந்த வேகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 600 டிகிரியில் சில மாதங்களில் ஒடிவதை வைத்து 540 டிகிரியில் எத்தனை வருடம் நிற்கும் என்று மதிப்பிடலாம். ஆனால் இந்தக் குறுக்குவழியை நம்பலாமா? அதைச் சரிபார்க்க யாராவது உண்மையிலேயே காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடம் 1969இல் ஓர் எஃகுத் துண்டில் பாரத்தை மாட்டி உலையில் வைத்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதன் நீட்சியை அளந்தது. தொடங்கியவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், சோதனை தொடர்ந்தது. அறிவியலில் எனக்குப் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. பரபரப்பு எதுவும் கிடையாது.

ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று பார்ப்பது வேறொரு கலை. அதற்கு எஞ்சிய ஆயுள் மதிப்பீடு என்று பெயர். தடித்த நீராவிக் குழாயின் மேற்பரப்பில் ஓரிடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலம் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி உரித்தெடுப்பார்கள். படிக மணிகளின் அச்சு அந்தத் தாளில் பதிந்துவிடும். அதை நுண்ணோக்கியில் வைத்தால், வெற்றிடங்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, வரிசை கட்டிவிட்டனவா என்று தெரியும். குழாயை வெட்ட வேண்டியதே இல்லை. இன்னொரு முறையும் உண்டு. நீராவி எஃகோடு வினைபுரிந்து குழாயின் உட்சுவரில் கறுப்பான செதிலைப் படியவிடுகிறது. வெளியிலிருந்து மீயொலியைச் செலுத்தி அந்தச் செதிலின் தடிமனை அளந்தால், அந்தக் குழாய் இத்தனை வருடமாக எவ்வளவு சூட்டில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். இதில் ஒரு விஷச் சுழலும் இருக்கிறது. செதில் வெப்பத்தைத் தடுக்கும். அதனால் உலோகம் மேலும் சூடாகும். சூடானால் செதில் மேலும் வளரும்.

குழாய் போனால் புதுக் குழாய் போடலாமே என்பீர்கள். போடலாம், போட்டார்கள். ஆனால் புதுக் குழாய் போட்டாலும் அது 1970இன் அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் உரிய கொதிகலனாகத்தான் இருக்கும். வெப்ப வீதம் கொஞ்சம் மீளும், அதற்கு மேல் நகராது. பழைய அருவியைப் பழுது பார்க்கலாம், உயரமாக்க முடியாது.

இந்தக் கதையில் நாஞ்சில் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாயும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றும். காற்றுக்கு விலை கிடையாது. எந்த நிலையத்தை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று சென்னையில் உள்ள மின்சுமை பகிர்வு மையம் முடிவுசெய்யும்போது, ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு குறைந்தவற்றை முதலில் எடுத்துக்கொள்ளும். அதிகக் கரி தின்னும் நிலையம் வரிசையின் கடைசிக்குப் போகும். நம் ஊரில் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அனல் நிலையங்களைக் குறைத்து ஓட்டுவது தமிழ்நாட்டில் பழகிப்போன ஒன்று.

குறைத்து ஓட்டுவதும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதும் கரியை மிச்சம் பிடிக்கும், இரும்பைக் கெடுக்கும். சுழலியின் தண்டு பல டன் எடையுள்ள தடித்த எஃகு. சூடான நீராவியை விட்டால் மேற்புறம் உடனே விரியும், உட்புறம் பின்தங்கும். இந்த இழுபறி ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடக்கும். ஊர்வால் ஏற்கெனவே பலவீனப்பட்ட எஃகில் இப்படிக் களைப்பும் சேர்ந்தால் வெடிப்புகள் விரைவில் வரும். இடைவிடாமல் ஒரே சீராக ஓடுவதற்கென்று கட்டப்பட்ட பொறிக்கு, காற்று அடிக்கும்போது ஒதுங்கு, நின்றதும் ஓடிவா என்பது கட்டாத வேலை.

கடைசி அடி தில்லியிலிருந்து வந்தது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் நிலையப் புகைக்குக் கடுமையான வரம்புகளை விதித்தது. பழைய நிலையங்களுக்கும் தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு எல்லாவற்றுக்கும் எண் குறித்தது. புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் கருவி நிலைமின் வீழ்படிவி: பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் தூசுக்கு மின்னூட்டம் ஏற்றித் தகடுகளில் ஒட்டவைப்பார்கள். இந்தியக் கரியில் கந்தகம் குறைவு, அது நல்லதுதான். ஆனால் கந்தகம் குறைந்தால் சாம்பல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, தகட்டில் சரியாகப் பிடிபடாது. ஆகவே நமக்குப் பெரிய வீழ்படிவிகள் வேண்டும். ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடும் 450 மெகாவாட்டுக்கு அவ்வளவு செலவு செய்ய யார் துணிவார்கள்? பதினைந்து மாதத்தில் எண்ணூர் மூடப்பட்டது.

மூடியது சரியா என்று கேட்டால், சரி. தாமதம் என்பதே என் குறை. ஆனால் நியாயமாகப் பேசுவதென்றால், 2012ஐ மறக்கக் கூடாது. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பாதி நேரம் கரண்டு இல்லாமல் கிடந்த காலம் அது. அன்று யாராவது எண்ணூரை மூடுங்கள் என்று சொல்லியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும். பற்றாக்குறைக் காலத்தில் மோசமான நிலையமும் பொக்கிஷமாகத் தெரியும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் பொதுத் தொகுப்போடு ஒரே துடிப்பில் இணைக்கப்பட்டது. புதிய நிலையங்களும் வந்தன. அதற்குப் பிறகுதான் மூடுவதைப் பற்றிப் பேச முடிந்தது.

எண்ணூர் தனியாகப் போகவில்லை. சோவியத் உதவியோடு 1962இல் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் மின் நிலையம், 600 மெகாவாட், 2020 செப்டம்பர் 30 அன்று ஓட்டத்தை நிறுத்தியது. சரியாக நான்கு வருடம் கழித்து, 2024இல் அதே தேதியில், பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃபை மூடியது. 1882இல் லண்டனில் எடிசனின் நிறுவனம் பொதுமக்களுக்கான கரி மின் நிலையத்தைத் தொடங்கிவைத்த நாடு அது. அவர்கள் கரியையே கைவிட்டார்கள். நாம் பழைய கரி நிலையத்தை விட்டுப் புதிய கரி நிலையத்துக்குப் போகிறோம். எண்ணூரின் அதே வளாகத்தில் 660 மெகாவாட் மிக உய்ய அலகு ஒன்றைக் கட்டும் ஒப்பந்தம் 2014இலேயே போடப்பட்டது. எடுத்த நிறுவனம் திவாலாகி, வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது.

உலை அணைந்தாலும் சாம்பல் அணைவதில்லை. அதன் ஒரு பகுதிக்கு நல்வாழ்வு கிடைக்கிறது: போஸ்லானா சிமெண்டில் மூன்றில் ஒரு பங்குவரை அனல் நிலையச் சாம்பல் சேர்க்கலாம், நாகர்கோவிலில் இன்று எழும் வீடுகளின் சுவரிலும் அது இருக்கிறது. எஞ்சியது தண்ணீரோடு கலந்து சாம்பல் குளங்களில் தேங்குகிறது. எண்ணூரின் அண்டை நிலையமான வட சென்னையின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றில் படிந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இறாலும் மீனும் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கழிமுகம் இன்னும் முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் நிலக்கரி நிலையம் தூத்துக்குடி. 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள். முதலாவது 1979இல் ஓடத் தொடங்கியது. எண்ணூர் மூடப்பட்ட வயதை அது நெருங்கிவிட்டது. உடன்குடியில் 660 மெகாவாட்டில் இரண்டு மிக உய்ய அலகுகள் எழுகின்றன. இவற்றைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்ற இரண்டு எண்கள்தான் நமக்குச் சொல்லப்படுகின்றன. வெப்ப வீதம் எவ்வளவு, எஞ்சிய ஆயுள் எவ்வளவு, சாம்பல் எங்கே போகும் என்ற மூன்றையும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிடும்படி மின்வாரியத்தைக் கேட்போம். அளந்து வைத்திருக்கிறார்கள், சொல்வதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.